உலை அணைந்த ஊர்கள்: ரூர் வட்டாரப் பயணக் குறிப்புகள்

திங்கள், டூயிஸ்பர்க்

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் ரூர் என்றொரு வட்டாரம் இருக்கிறது. டூயிஸ்பர்க், ஓபர்ஹவுசன், போட்ரோப், எஸ்ஸன், கெல்சன்கிர்ஷன், போகும், டார்ட்முண்ட் என்று ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. சுமார் 50 லட்சம் மக்கள். நூற்றைம்பது ஆண்டுகளாக அந்த நாட்டுக்கு நிலக்கரியும் எஃகும் கொடுத்த மண் இது. 1950களின் கடைசியிலிருந்து சுரங்கங்களும் ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. மூடிய பிறகு அந்த நிலத்தை என்ன செய்தார்கள் என்று கண்ணால் பார்க்க வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை. கட்டட வேலையில் இருப்பவள் நான். இடிப்பதும் புதிதாக எழுப்புவதும்தான் எங்கள் தொழிலின் வழக்கம். இடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் உலகத்தில் அதிகமில்லை.

எஸ்ஸனில் சித்தி மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். இன்று அவளுக்கு விடுமுறை, கூடவே வந்தாள். டூயிஸ்பர்க் ரயில் நிலையத்திலிருந்து 903 ட்ராம் பிடித்து, லாண்ட்ஷாஃப்ட்ஸ்பார்க் நோர்ட் நிறுத்தத்தில் இறங்கி, கொஞ்சம் நடந்தால் மரங்களுக்கு மேலே, தாதுவை உருக்கி இரும்பெடுத்த ஊதுலைகளின் தலை தெரிகிறது. நுழைவுச்சீட்டு கிடையாது. இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும்.

மைடரிஷ் இரும்பாலை என்பது இதன் பழைய பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலதிபர் ஆகஸ்ட் தைஸன் கட்டியது. ஐரோப்பாவில் தேவைக்கு மேல் எஃகு குவிந்தபோது 1985இல் உலையை அணைத்துவிட்டார்கள். இடித்துத் தரைமட்டமாக்குவதுதான் முதலில் இருந்த திட்டம். ஊர்க்காரர்கள் சிலர் எதிர்த்தார்கள். இடிக்க ஆகும் செலவும் மலைக்க வைத்தது. நிலத்தை மாநில அரசின் நிதியிலிருந்து வாங்கினார்கள். 1990 வாக்கில் ஒரு வடிவமைப்புப் போட்டி நடந்தது. வென்றவர் பீட்டர் லாட்ஸ் என்ற நிலவடிவமைப்பாளர். 1994இல் பூங்காவாகத் திறந்தது. சுமார் 180 ஹெக்டேர்.

லாட்ஸ் செய்த முக்கியமான காரியம், கை வைக்க வேண்டாத இடத்தில் கை வைக்காமல் இருந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தாது கொட்டி வைத்த கான்கிரீட் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. சுவர் ஒவ்வொன்றும் கோட்டை மதில் கனம். அந்தச் சுவர்களில் வாசல் அளவுக்கு அறுத்து வழி விட்டிருக்கிறார். உள்ளே போனால் ஒரு தொட்டியில் பெரணி, இன்னொன்றில் பூச்செடிகள், இன்னொன்றில் வெறும் புல். வேறு சில தொட்டிகளின் சுவர்களில் மலையேறுவோர் சங்கம் பிடிமானங்கள் பதித்து வைத்திருக்கிறது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கயிற்றில் தொங்கிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தாள். கீழே கயிற்றைப் பிடித்திருந்தது அவள் பாட்டி.

பழைய எரிவாயுத் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி முக்குளிக்கப் பழக்குகிறார்கள். 13 மீட்டர் ஆழம், சுமார் இரண்டு கோடி லிட்டர் தண்ணீர். கடலோ மலையோ அருகில் இல்லாத ஊரில், ஆலையே இரண்டுமாக ஆகியிருக்கிறது.

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது, உலைகளுக்கு நடுவே இருக்கும் சதுக்கம். பியாட்ஸா மெட்டாலிக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 49 இரும்புத் தகடுகள், வரிசைக்கு ஏழு வீதம் ஏழு வரிசை. ஒவ்வொன்றும் இரண்டேகால் மீட்டர் பக்கம், ஏழெட்டு டன் எடை. உருகிய இரும்பை ஊற்றும் குழிக்கு அடியில் இவை கிடந்தனவாம். எடுத்து, கழுவி, இங்கே பரப்பிவிட்டார் லாட்ஸ். குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு தகட்டிலும் சூடு அரித்த பள்ளமும் நரம்பு போன்ற கோடுகளும் வேறு வேறு. முந்தின நாள் மழைத் தண்ணீர் பள்ளங்களில் தேங்கி, ஓரத்தில் ஆரஞ்சு நிறத் துரு ஊறிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டால் துரு ஒட்டுகிறது. வண்ணமோ மெழுகோ பூசி அதைத் தடுத்திருக்கலாம். பூசவில்லை. அன்று நெருப்பு தின்றது, இன்று மழை தின்கிறது, தின்னட்டும் என்று விட்டிருக்கிறார்கள். தகடு முழுதும் கரைந்து போக எத்தனையோ தலைமுறை ஆகும். அத்தனை காலத்தையும் கணக்கில் எடுத்த வடிவமைப்பு இது.

ஐந்தாம் எண் ஊதுலையின் மேல் ஏறலாம். இரும்புப் படிகள், காலடியில் சல்லடைத் தரை, கிட்டத்தட்ட 70 மீட்டர் உயரம். மேலே நின்று வடமேற்கே பார்த்தால் இன்றும் வேலை நடக்கும் எஃகு ஆலைகளின் புகை. கீழே அணைந்த ஆலைக்குள் பிர்ச் மரங்கள். யாரும் நட்டவை அல்ல, தாமாக முளைத்தவை. கப்பலில் தாது வந்தபோது தூர தேசத்து விதைகளும் ஒட்டிக்கொண்டு வந்து சரளைக்கற்களில் முளைத்திருக்கின்றன. களை என்று பிடுங்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் அப்படியே விட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தாதுவைச் சூடாக்கித் திரட்டும் கூடத்தின் மண்ணும் கட்டடமும் நஞ்சேறிப் போயிருந்ததால் அதை இடித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. அங்கே இப்போது ஒரு காற்றாலை நிற்கிறது. அது தண்ணீரை ஏற்றித் தோட்டங்களுக்கு விடுகிறது. கூரைகளில் விழும் மழைநீர் பழைய குளிர்விப்புத் தொட்டிகள் வழியாக வடிந்து, பூங்காவின் நடுவே ஓடும் வாய்க்காலில் சேர்கிறது. அந்த வாய்க்கால் முன்பு திறந்த சாக்கடை. சாக்கடையைக் குழாய்க்குள் போட்டுக் கீழே இறக்கிவிட்டு, அதே தடத்தில் மேலே மழைநீரை விட்டிருக்கிறார்கள்.

1996இல் ஜொனாதன் பார்க் என்ற கலைஞர் அமைத்த வண்ண விளக்குகள் வார இறுதி இரவுகளில் எரியும். இன்று திங்கள். இருட்டும் வரை இருந்துவிட்டு, விளக்கில்லாத கரிய உலைகளைப் பார்த்துக்கொண்டே ட்ராம் ஏறினோம்.

செவ்வாய், ஓபர்ஹவுசன், போட்ரோப்

காலையில் ஓபர்ஹவுசன் காஸோமீட்டர். உலை வாயுவைச் சேர்த்து வைக்க 1929இல் கட்டி முடித்த உருளை. 117.5 மீட்டர் உயரம், 67 மீட்டருக்கு மேல் விட்டம். 1988இல் வேலை நின்றது. இடிக்கலாமா வேண்டாமா என்று இங்கேயும் அதே வாதம். கடைசியில் கண்காட்சிக் கூடமாயிற்று. 1999இல் கலைஞர்கள் கிறிஸ்டோவும் ஷான்-கிளோடும் 13,000 எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கி இதற்குள் ஒரு சுவர் எழுப்பினார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தபோது கழுத்து வலித்ததுதான் மிச்சம், கூரை பிடிபடவில்லை. இவ்வளவு பெரிய வெறுமையை எந்தக் கட்டடக் கலைஞரிடம் கேட்டாலும் வரைந்து தரமாட்டார், பட்ஜெட்டும் விடாது. ஆலை விட்டுச் சென்றது அது.

மதியத்துக்கு மேல் எம்ஷர் ஆற்றங்கரையோரம் போட்ரோப் பக்கம் போனேன். இந்த ஆற்றைச் சொல்லாமல் ரூரைச் சொல்ல முடியாது.

நிலக்கரி வெட்ட வெட்ட மேலே நிலம் அமிழ்ந்தது. சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல். அமிழும் நிலத்தில் குழாய் புதைத்தால் உடைந்துவிடும். அதனால் இவ்வளவு பெரிய தொழில் வட்டாரத்தின் கழிவுநீர் முழுவதையும் திறந்த வெளியில் ஓட விடுவது என்று முடிவெடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள 1899இல் எம்ஷர் கூட்டுறவு அமைப்பு தோன்றியது. ஆற்றை நேராக்கி, அடியில் கான்கிரீட் பாவி, கரை கட்டி, வேலியும் போட்டார்கள். குழந்தைகள் விழுந்தால் ஏற முடியாத சரிவு. நூறு ஆண்டுகள் இந்த ஊர்களின் முதுகுப்புறத்தில் நாற்றத்தோடு ஓடியது அது. பணக்காரர்கள் தெற்கே ரூர் ஆற்றின் பக்கம் குடியேறினார்கள். எம்ஷர் பக்கம் கிடைத்தது சுரங்கத் தொழிலாளிக்கு.

சுரங்கங்கள் மூடி நிலம் அமிழ்வது நின்ற பிறகுதான் குழாய் புதைக்க வழி பிறந்தது. 1992இல் தொடங்கினார்கள். டார்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீட்டருக்கு ஒரு முதன்மைக் கழிவுநீர்க் குழாய், ஆழம் சில இடங்களில் 40 மீட்டர். கிளைக் குழாய்கள் நானூறு கிலோமீட்டருக்கு மேல். செலவு சுமார் 550 கோடி யூரோ. 2021 முடிவில் ஆற்றில் கழிவுநீர் விழுவது நின்றது. முப்பது வருட வேலை. இதில் எத்தனை ஆட்சி மாறியிருக்கும், எத்தனை பேர் ஓய்வு பெற்றிருப்பார்கள். தொடங்கியவர்களில் பலர் முடிவைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கைவிடவில்லை. எனக்கு இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய படைப்பு எதுவென்றால் கண்ணுக்குத் தெரியாத இந்தக் குழாய்தான்.

1989 முதல் 1999 வரை எம்ஷர் பார்க் சர்வதேசக் கட்டடக் கண்காட்சி என்ற பெயரில் மாநில அரசு ஒரு முயற்சியை நடத்தியது. கண்காட்சி என்ற பெயர் இருந்தாலும் அரங்கு, மேடை எதுவும் இல்லை. 17 ஊர்கள், ஏறக்குறைய 120 திட்டங்கள். தலைமை ஏற்றவர் கார்ல் கான்ஸர். ஒவ்வொரு ஊரும் தன் நிலத்தைத் தனியாகக் கூறுபோட்டு விற்றுவிடாமல், மூடிய ஆலைகளையும் ஆற்றையும் கழிவு மேடுகளையும் ஒரே பூங்காவின் பாகங்களாக வைத்து யோசிக்க வைத்தது அந்தப் பத்தாண்டு. நேற்று பார்த்த டூயிஸ்பர்க் பூங்காவும் அதன் பிள்ளைதான்.

போட்ரோப்பின் ஏபல் பகுதியில் பெர்னே பார்க். பழைய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், 1990களில் மூடியது, 2010இல் பூங்காவாகத் திறந்தது. இரண்டு வட்டத் தொட்டிகள். ஒன்றில் தண்ணீர் நிற்கிறது. மற்றொன்றின் உட்சரிவு முழுக்க தோட்ட வடிவமைப்பாளர் பியெட் ஔடால்ஃப் வகுத்த செடிகள். உயரமான புற்கள், ஊதாப் பூக்கள், நடுவே இறங்கிப் போகப் படிகள். ஊரின் கழிவு கலங்கி நின்ற கிண்ணத்துக்குள் இறங்கி உட்கார்ந்தால் தேனீக்களின் ரீங்காரம். புல்வெளியில் கான்கிரீட் சாக்கடைக் குழாய்கள் கிடக்கின்றன. உள்ளே கட்டில் போட்டு இரவு தங்கலாம், வாடகை அவரவர் விருப்பம். படுத்துப் பார்த்தேன். என் உயரத்துக்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

புதன், எஸ்ஸன்

ஸோல்ஃபெராய்ன் நிலக்கரிச் சுரங்கத்துக்கு எஸ்ஸன் ரயில் நிலையத்திலிருந்து 107 ட்ராம். 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். அதனால் இங்கே கூட்டம் அதிகம், சுற்றுலாப் பேருந்துகளும் வருகின்றன.

பன்னிரண்டாம் எண் சுரங்கவாய் 1932இல் இயங்கத் தொடங்கியது. ஃபிரிட்ஸ் ஷுப், மார்ட்டின் கிரெம்மர் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வரைந்தது. சிவப்பு எஃகுச் சட்டம், நடுவே செங்கல், அளவெடுத்த சன்னல்கள், ஒரு முற்றம், அதன் தலைமாட்டில் இரட்டைக் கால் கோபுரம். நாளொன்றுக்கு 12,000 டன் நிலக்கரி மேலே வந்த இடத்தை இவ்வளவு ஒழுங்காக வரைந்திருக்கிறார்கள். இந்த ஒழுங்கு முதலாளிகளின் பெருமைக்காகச் செய்தது, கீழே வேலை செய்தவர்களுக்காக அல்ல. இந்த முன்வாசலைத் தொழிலாளிகள் மிதித்ததே குறைவு. அவர்கள் வேறு சுரங்கவாய்கள் வழியாக இறங்கினார்கள். 1986 டிசம்பரில் மூடியது.

நிலக்கரி கழுவும் கட்டடம்தான் இன்றைய ரூர் அருங்காட்சியகம். கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸின் நிறுவனம் வகுத்த மாற்றம். வெளியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் நகரும் படிக்கட்டு 24 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடுகிறது. நிலக்கரி மேலே போய், சலித்து, கழுவி, கீழே இறங்கிய அதே வழியில் பார்வையாளரும் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். இயந்திரங்கள் அதே இடத்தில். நிலக்கரி சேமித்த தொட்டிகளின் சுவர்களில் கரித்தூள் இன்னும் போகவில்லை. ஒரு கண்ணாடிப் பேழையில் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் நுரையீரல் துண்டைப் பார்க்கலாம் என்று சித்தி மகள் சொல்லியிருந்தாள். தேடினேன், கண்ணில் படவில்லை. ஆனால் அந்தத் தேடலில் எல்லாத் தளங்களையும் பொறுமையாகப் பார்த்துவிட்டேன்.

கொதிகலன் கூடத்தை 1997இல் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைப்புக் காட்சிக்கூடமாக மாற்றினார். அழகாக இருக்கிறது. ஆனால் என் தொழிலுக்கு இங்கே நெருக்கமான கட்டடம் வேறொன்று. வளாகத்தின் ஓரத்தில் ஜப்பானின் சானா நிறுவனம் 2006இல் முடித்த வெள்ளைக் கான்கிரீட் கனசதுரம். பக்கம் 35 மீட்டர், ஏறத்தாழ அதே உயரம், சுவர் முழுக்க வெவ்வேறு அளவில் சதுர சன்னல்கள். ஜெர்மனியின் குளிருக்குச் சுவரை இரண்டு அடுக்காகக் கட்டி நடுவே வெப்பத்தடுப்பு வைப்பதுதான் வழக்கம். இந்தச் சுவர் ஓரடுக்கு, கனம் 30 சென்டிமீட்டர்தான். எப்படி? சுவருக்குள்ளேயே மெல்லிய குழாய்கள் பதித்து அதில் சுடுதண்ணீர் ஓட விட்டார்கள். தண்ணீருக்குச் சூடு தந்தது சுரங்கம். சுமார் 1000 மீட்டர் ஆழத்திலிருந்து இறைக்கப்பட்ட நீர் மேலே வரும்போதே 28, 29 டிகிரி வெப்பத்தோடு இருந்தது. வீணாக ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்த அந்தச் சூட்டை வெப்பமாற்றி வழியாக எடுத்து இந்தக் கட்டடத்தைச் சூடாக்கினார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தேன். பசுமைக் கட்டடம் என்று தகடு மாட்டிக்கொள்ளும் பல கட்டடங்களுக்குள் இருந்து வேலை பார்த்திருக்கிறேன். இருக்கும் இடத்தில் என்ன வீணாகிறது என்று முதலில் கேட்ட கட்டடம் இது.

சுரங்கம் மூடிய பிறகும் ஏன் நீர் இறைக்கிறார்கள் என்று கேட்கலாம். இறைக்காவிட்டால் சுரங்க நீர் உப்போடு மேலேறிக் குடிநீர் ஊற்றுகளில் கலந்துவிடும். அமிழ்ந்து போன நிலத்தில் மழைநீரும் ஆற்றுநீரும் தேங்கி, ஊர்கள் ஏரியாகிவிடும். ஆகவே ஆழத்திலும் மேலேயும் பம்புகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முடிவே கிடையாது. 2007இல் இதற்கென்றே ஓர் அறக்கட்டளை அமைத்து, அதன் முதலீட்டு வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் கோடிக்கணக்கான யூரோ செலவிடுகிறார்கள். நூற்றைம்பது வருடம் வெட்டியெடுத்த நிலக்கரிக்குக் காலம் உள்ள வரை கட்ட வேண்டிய வட்டி. இந்தக் கணக்கைச் சுரங்கம் தோண்டும் முன்பே போடும் நாடு எது?

மாலையில், நிலக்கரியைச் சுட்டு ஊதுலைக்கான கோக் எரிபொருள் செய்த ஆலைப் பக்கம். 600 மீட்டர் நீளத்துக்கு 304 அடுப்புகள் வரிசையாக. 1993இல் அணைந்தவை. அவற்றின் முன்னால் கப்பல் பெட்டகங்களை வெட்டி இணைத்து ஒரு நீச்சல் குளம். 2001இல் இரண்டு கலைஞர்கள் கலைப்படைப்பாக வைத்தது, அப்படியே ஊர்ப்பிள்ளைகளின் குளமாகிவிட்டது. கோடை விடுமுறை என்பதால் கத்தலும் கும்மாளமும். துருக்கியக் குடும்பங்கள் புல்லில் துணி விரித்து முலாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சுவருக்குள் பூட்டிக் கிடந்த நிலம், வேலைச்சீட்டு இல்லாதவர் கால் வைக்க முடியாத நிலம். இப்போது ஈரக்காலோடு குழந்தைகள் ஓடுகிறார்கள்.

வியாழன், போட்ரோப், எஸ்ஸனின் வடக்கு

இன்று குன்றுகள். ரூரின் இந்த வடக்குப் பகுதி சமவெளி, இயற்கையான மலை கிடையாது. இங்கே தெரியும் மேடெல்லாம் சுரங்கத்திலிருந்து நிலக்கரியோடு வந்த கல்லும் மண்ணும்.

போட்ரோப்பில் ஒரு மேட்டின் உச்சியில் எஃகு முக்கோணக் கூம்பு நிற்கிறது. வுல்ஃப்கங் கிறிஸ்ட் வடிவமைப்பு, 1995. பக்கம் 60 மீட்டர். வெறும் குழாய்ச்சட்டம், உள்ளே கம்பிகளில் தொங்கும் படிக்கட்டுகள். காற்று அடித்தால் படி மெல்ல ஆடுகிறது. மூன்றாவது தளம் 38 மீட்டர் உயரத்தில், அதுவும் சாய்வாக. கைப்பிடியை விடாமல்தான் சுற்றி வந்தேன். மேலிருந்து பார்த்தபோது ஒன்று உறைத்தது. மரங்கள்தான் அதிகம். கோபுரங்களும் புகைபோக்கிகளும் காட்டுக்கு நடுவே அங்கங்கே தலை நீட்டுகின்றன.

இந்த ஊரின் ப்ரோஸ்பர்-ஹானியல்தான் ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம். 2018 டிசம்பர் 21 அன்று கடைசிக் கட்டியை வெட்டி நாட்டின் அதிபர் ஸ்டைன்மயர் கையில் கொடுத்தார்கள். அதன் கழிவு மேட்டின் உச்சியில் பாஸ்க் கலைஞர் அகுஸ்தின் இபரோலா பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளை, நூறுக்கும் மேல், செங்குத்தாக நட்டு வண்ணம் தீட்டியிருக்கிறார். சிவப்பு, மஞ்சள், நீலம், வரிவரியாக. மழை வெயிலில் வண்ணம் உரிந்து மரம் தெரிகிறது. கொடிக்கம்பங்களைப் போல உச்சி விளிம்பை ஒட்டி நிற்கும் அந்த வரிசைக்குள் நடந்தால், இறந்தவர்களுக்கு நட்ட நடுகற்கள் நினைவுக்கு வராமல் போகாது. சுரங்கத்தில் மாண்டவர்களைப் பற்றி அங்கே ஒரு பலகையும் நான் பார்க்கவில்லை. தேவையும் படவில்லை.

அப்புறம் எஸ்ஸனின் ஷூரன்பாக் மேடு. சிற்பி ரிச்சர்ட் செர்ரா 1998இல் நட்ட ஒற்றை எஃகுப் பலகை: தரைக்கு மேல் பதினான்கரை மீட்டர், 67 டன். உச்சியில் புல் பூண்டு வேண்டாம் என்று கறுத்த கல்லாகவே விட்டிருக்கிறார்கள். பார்த்தேன். எனக்கு ஒட்டவில்லை. மேட்டை மேடாகவே வைத்த துணிச்சல் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளி, ஹாம்

வட்டாரத்தின் கிழக்கு ஓரம் ஹாம். இங்கே ஒரு பழைய சுரங்கம் நீர் புகுந்து 1914இல் கைவிடப்பட்டது. அந்த நிலத்தில் 1984இல் தோட்டக்கலைக் கண்காட்சி நடத்தி மாக்ஸிமிலியன் பூங்கா ஆக்கினார்கள். நிலக்கரி கழுவிய கட்டடத்தின் மேல் ஹோர்ஸ்ட் ரெல்லெக்கே என்ற கலைஞர் கண்ணாடியும் எஃகும் கொண்டு 35 மீட்டர் உயர யானை செய்தார். தும்பிக்கை வழியாக மின்தூக்கி ஏறுகிறது. இதுவும் எம்ஷர் பார்க்குக்கு முந்தையது என்பதைக் கவனிக்க வேண்டும். இடிக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஒரே நாளில் வந்ததல்ல.

அங்கிருந்து ஊன்ட்ரோப் தொழிற்பேட்டைக்குப் பேருந்து. கிடங்குகள், லாரிகள், தூரத்தில் மின்நிலையம், நடுவே 17 மீட்டர் ராஜகோபுரம். ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம். போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் எழுப்பியது. 1980களின் இறுதியில் சின்ன இடத்தில் தொடங்கிய வழிபாடு. கூட்டம் பெருகியதும் குடியிருப்புப் பகுதியில் நெரிசல், சத்தம் என்று அக்கம்பக்கத்தில் முறுமுறுப்பு. கடைசியில் இந்தத் தொழிற்பேட்டையில் நிலம் அமைந்து 2002இல் குடமுழுக்கு நடந்தது. உடலை இங்கே கான்கிரீட்டில் எழுப்பி, சுதைச் சிற்பங்களுக்குத் தமிழகத்துச் சிற்பிகள் வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை என்பதால் உச்சிக்காலப் பூசைக்கு நல்ல கூட்டம். வெளியே பாதணி விடும் இடத்தில் ஒரு அம்மா, "எங்கேயிருந்து வாறியள் பிள்ளை?" என்று பேச்சுக் கொடுத்தார். கோயம்புத்தூர் என்றேன். அவர் கணவர் பக்கத்து ஊரில் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். "தொழிற்பேட்டைக்க கோயிலோ எண்டு முதல்ல எங்களுக்கு மனவருத்தம்தான். இப்ப பாருங்கோ, தேர் இழுக்க ரோட்டு அகலமா இருக்கு, தீர்த்தத்துக்குக் கால்வாயும் கிட்ட."

உண்மைதான். தேர்த்திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுவார்கள், தீர்த்தவாரி டாட்டெல்ன்-ஹாம் கால்வாயில். நிலக்கரிப் படகுகளுக்கு வெட்டிய கால்வாய். இங்கே எந்தக் கட்டடக் கலைஞரும் நில மாற்றத்தைத் திட்டமாக வரையவில்லை. யாருக்கும் வேண்டாத நிலத்தை, வேறு போக்கிடம் இல்லாதவர்கள் எடுத்துத் தலமாக்கிக்கொண்டார்கள். கருத்தரங்குகளில் ரூரின் மாற்றத்தைப் பேசும்போது இந்தக் கோபுரத்தையும் ஸோல்ஃபெராய்ன் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பிரசாதத்தோடு சாப்பாடும் ஆயிற்று. கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, பாயசம்.

சனி, டார்ட்முண்ட்

ஹெர்டே. டார்ட்முண்டின் தெற்கே ஒரு தொழிலாளர் ஊர். 1841இல் இங்கிருந்த பழைய கோட்டையில் தொடங்கிய இரும்பு வேலை வளர்ந்து வளர்ந்து ஊரையே இரண்டாகப் பிளந்த ஆலையாயிற்று. ஃபீனிக்ஸ் கிழக்கு ஆலை 2001இல் நின்றது. அதன் பிறகு நடந்ததுதான் விசேஷம். சீனத்தின் ஷாகாங் நிறுவனம் ஆலையை விலைக்கு வாங்கி, தன் ஆட்களை அனுப்பி, துண்டு துண்டாகக் கழற்றி, எண் போட்டுக் கப்பலேற்றிக்கொண்டு போனது. டூயிஸ்பர்க்கில் உலைகள் நின்றன. இங்கே நிலம்தான் மிஞ்சியது. அதைத் தோண்டி 2010 அக்டோபரில் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். 24 ஹெக்டேர் ஏரி.

ஏரியை ஒட்டி எம்ஷர் ஓடுகிறது. முன்பு ஆலைக்கு அடியில் குழாய்க்குள் அடைபட்டுக் கிடந்த ஆறு. இப்போது வளைந்து, கல்லில் மோதி, நாணல் முளைத்து ஓடுகிறது. ஏரிக்கும் ஆற்றுக்கும் நடுவே கரை இருக்கிறது, பெருவெள்ளம் வந்தால் மட்டும் ஆறு ஏரிக்குள் வழியும். கீழே குனிந்து பார்த்தால் தண்ணீர் தெளிவு. சிறு மீன்கள் கூட்டமாக எதிர்நீச்சல் போட்டு நிற்கின்றன. செவ்வாயன்று நான் எழுதிய சாக்கடை இதுவேதான். இந்த இடத்தில் கொஞ்ச நேரம் எதையும் எழுதிக்கொள்ளாமல் நின்றேன்.

ஆனால் ஏரியைச் சுற்றி நடந்தபோது மனம் ஒப்பவில்லை. கரைச்சரிவுகளில் வெள்ளை வெள்ளையாகப் பெட்டி வீடுகள், படகுத்துறை, காபிக்கடைகள், திராட்சைக் கொடி. ஏரி தெரியும் மனைகள் வசதியானவர்களுக்குப் போயின. இரண்டு தெரு தள்ளி ஆலைத் தொழிலாளர்களின் கருத்த பழைய வீடுகள் இருக்கின்றன. அங்கே வாடகை ஏறுகிறது என்ற கவலை இந்த ஏரியைத் தோண்டிய காலத்திலிருந்தே உண்டு. ஆலையின் நினைவாக எஃகு காய்ச்சும் பெரிய கொப்பரை ஒன்றை மட்டும் கரையில் நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதைச் சூழ்ந்திருந்த வேலை என்னவென்று அதிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை.

ஏரி வெள்ளத்தைத் தாங்குகிறது, ஆறு மீண்டது, பொதுமக்கள் சுற்றி நடக்கலாம், இதெல்லாம் உண்மை. இருந்தாலும் டூயிஸ்பர்க்கில் நிலம் எல்லோருக்கும் பொதுவாக நின்றது. இங்கே நடுவில் உள்ள தண்ணீர் பொது, ஓரத்தில் உள்ள மண் தனியார். நகர நிர்வாகத்துக்குச் செலவை ஈடுகட்ட மனை விற்றாக வேண்டியிருந்தது என்ற நியாயம் புரிகிறது. ஒரே வட்டாரம், ஒரே ஆறு, பதினைந்து வருட இடைவெளியில் இரண்டு விதமான தீர்மானம். கெல்சன்கிர்ஷன் மாதிரி ஊர்களில் வேலையின்மை இன்றும் நாட்டிலேயே அதிகமாக இருப்பவற்றில் ஒன்று. கலையும் பூங்காவும் அந்த வேலைகளைத் திருப்பித் தரவில்லை. இதையும் சேர்த்து எழுதாவிட்டால் இந்தக் குறிப்புகள் அரைகுறை.

போக நினைப்பவர்களுக்கு: ஹெர்டேவுக்கு டார்ட்முண்ட் ரயில் நிலையத்திலிருந்து யு41 நகர ரயில். ஏரியைச் சுற்ற ஒரு மணி நேரம் போதும். அப்புறம் மேற்கே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் ஃபீனிக்ஸ் மேற்கு, அங்கே ஊதுலைகளை அப்படியே நிற்க விட்டிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். காஸோமீட்டர் திங்களன்று மூடியிருக்கும். டூயிஸ்பர்க்குக்கு வெள்ளி அல்லது சனி மாலை போய், விளக்கு எரியும் வரை இருங்கள், நான் தவறவிட்டதை நீங்கள் பார்க்கலாம். வழுக்காத காலணி அவசியம், எங்கே பார்த்தாலும் சல்லடைப் படிகள்.